கொறங்காட்டைக் கணக்கில் எழுதுங்கள்

திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கமும், அதையொட்டிய கரூர், ஈரோடு மாவட்டப் பகுதிகளிலும் பல தலைமுறைகளாகத் தனியார் கையில் ஒரு காடு இருந்துவருகிறது. வனத்துறைக்கு அதில் ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லை. வேலி அடைத்து, புல் வளர்த்து, மரம் பார்த்து, மாடும் ஆடும் மேய்த்து அதைக் காப்பாற்றி வந்தவை விவசாயக் குடும்பங்கள். நாங்கள் அதைக் கொறங்காடு என்கிறோம். என் பேரில் பதினெட்டு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. மாமனார் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரர் பார்த்தார், அவர் போன பின் நான் பார்க்கிறேன். என் காட்டைச் சுற்றியிருந்த கொறங்காடுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. இனியாவது அதைத் தடுக்க வேண்டும், தடுக்கவும் முடியும் என்று நம்புகிறேன்.

கொறங்காட்டை வைத்திருப்பவர்தான் அதைக் காக்க முடியும். காவலர் போட்டோ, பலகை நட்டோ காக்கக்கூடிய காடு இல்லை இது. அப்படிக் காப்பவரின் நிலத்துக்கு அரசின் கணக்கில் ஓர் இடம் வேண்டும். காப்பதில் அவருக்கு ஒரு சிறு ஆதாயமாவது வேண்டும். இன்றைக்கு இரண்டும் கிடையாது.

புல், மரம், வேலி

எங்கள் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும். மேலே சரளை, தோண்டினால் சுக்கான் கல். இந்த மண்ணை வருடா வருடம் உழுது பயிர் வைத்தால், போட்ட விதைகூடத் திரும்பாத வருடங்களே அதிகம். அதை அறிந்த பெரியவர்கள் நிலத்தைச் சில ஏக்கர் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, சுற்றிலும் முள்கிளுவை வேலி வைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வளரவிட்டார்கள்.

கொழுக்கட்டைப் புல் கோடையில் சருகாகிவிடும். ஆனால் வேர் சாகாது. சித்திரையில் ஒரு மழை விழுந்தால் சில நாளில் பச்சை தட்டும். வெள்வேல மரம் குடை விரித்து நிற்கும். இலை பொடியாக இருப்பதால் வெயில் தரைவரை இறங்கும், அடியிலும் புல் வரும். புல் தீரும் கோடையில் அந்த மரத்தின் காய் உதிரும். செம்மறிகள் அதைத் தேடித் தேடித் தின்னும். தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து, மழைக்கு முளைக்கும். ஆள் வைத்து நடாமலேயே அடுத்த தலைமுறை மரம் வந்துவிடுகிறது.

வேலியின் உபகாரம் இன்னும் பெரிது. கிளுவை நெருங்கி நின்றால் மாடும் ஆடும் இரவு பகலாக உள்ளேயே கிடக்கலாம். பின்னால் ஓட ஆள் வேண்டாம். வயதானவர்களும் தனியாக இருக்கும் பெண்களும் எங்கள் ஊரில் கால்நடை வைத்துப் பிழைக்க முடிவதற்கு இதுதான் காரணம். அந்த வேலியில் பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, முசுமுசுக்கை படர்ந்திருக்கும். கார்த்திகை மாதம் செங்காந்தள் பூத்திருக்கும். கீரி, உடும்பு, முயல், கவுதாரி எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரிகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் பாதையாகவும் இருந்தன.

இந்த மண்ணிலும் இந்தப் புல்லிலும் உருவானதுதான் காங்கயம் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தை வளர்த்தெடுத்ததை இன்றும் எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தைக்கும், சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரோடு சேர்ந்து நடக்கும் மாட்டுச் சந்தைக்கும் போனால் அந்தப் பெருமையை நேரில் பார்க்கலாம். தோலுக்குப் பேர் போன மேச்சேரிச் செம்மறியும் இந்தக் காடுகளில் மேய்கிறது. 2017 தை மாதம் காளைக்காக மெரினாவில் கூடிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது. 2023-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. காளை வென்றுவிட்டது. அது மேயும் நிலத்துக்காகப் பேச மட்டும் இன்னும் யாரும் கூடவில்லை.

காட்டைப் பார்த்துக்கொள்வது என்றால்

'சும்மா விட்ட நிலம்தானே, அதில் என்ன வேலை?' என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. சும்மா விட்டால் சில வருடத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிடும். அது ஏறிய இடத்தில் கொழுக்கட்டைப் புல் நிற்காது. அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைக் கன்றிலேயே வேரோடு பிடுங்குகிறோம். மரமான பிறகு பொக்லைன் கொண்டுவந்து எடுத்தால் புல்லும் மண்ணும் சேர்ந்து போய்விடும்.

என் பதினெட்டு ஏக்கர் நாலு காடாகப் பிரிந்திருக்கிறது. ஐப்பசி மழை விழுந்து புல் தழைத்ததும் ஒரு காட்டின் கடவில் படலைக் கட்டி அடைத்துவிடுவோம். தை பிறந்து விதை உதிரும்வரை அதற்குள் ஓர் ஆடுகூடப் போகாது. அடுத்த வருடம் அடைபடுவது வேறு காடு. திறந்துவிடுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் மாடு, பிறகுதான் செம்மறி. மாடு நீண்ட புல்லை நாக்கால் சுழற்றி அறுக்கும். செம்மறி தரையோடு கடிக்கும். செம்மறியை முதலில் விட்டால் மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது; அளவுக்கு மேல் விட்டால் அடுத்த வருடத்துப் புல்லே மிஞ்சாது. எத்தனை உருப்படி தாங்கும் என்பதை வருடந்தோறும் மழையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புல் நலிந்த காட்டை உழுது, கொள்ளோ சோளமோ போட்டு எடுத்துவிட்டு, மறுபடி புல்லுக்கே விடுவது எங்கள் மாமனார் காலத்து வழக்கம். அதை நானும் விடவில்லை.

மரத்துக்கும் பார்வை வேண்டும். மார்கழியில் காட்டைச் சுற்றி வந்து எந்தக் கன்றை விடுவது, எதை எடுப்பது என்று பார்ப்போம். பெரிய மரத்தின் நிழலில் முளைத்ததை எடுத்துவிடுவோம். வெட்டவெளியில் வந்ததைச் சுற்றி, பிடுங்கிய சீமைக்கருவேல முள்ளையே போட்டு வைப்போம். ஆடு வாய் வைக்காது. கன்று ஆளுயரம் தாண்டியதும் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால் மரம் நெட்டாகப் போகும். வயதான மரம் பட்டுப்போவதற்கு முன்பே அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று ஏறி வந்திருக்க வேண்டும். வேலியில் ஓட்டை விழுந்த இடத்தில் கோடை மழைச் சமயத்தில் கிளுவைப் போத்து வெட்டி நட வேண்டும். கண்வலிக் கிழங்குத் தோட்டங்களில் கொடி படரக் கிளுவைப் போத்து கேட்டு வருகிறார்கள். கழிக்க வேண்டிய கிளையைக் கொடுக்கலாம். வேலியையே வேரோடு பெயர்த்து விற்பவர்கள் தங்கள் காட்டைத் தாங்களே திறந்துவிடுகிறார்கள்.

என் காட்டில் குத்தகைக்கு மேய்ப்பவர்களில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. அவர்களில் ஒருவர், வேலி தாண்டும் ஆட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “புல்லு இருந்தா ஆடு ஏனுங்கக்கா வேலி தாண்டுது?” என்றார். மேய்ச்சல் மேலாண்மையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். கொறங்காடு என்பது நிலக்காரர்களின் விவகாரம் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. என் காடு போனால் எனக்குப் பணமாவது கிடைக்கும். நாற்பது, ஐம்பது செம்மறிகளை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அந்தக் குடும்பங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஏன் போகிறது?

மேய்ச்சல் குத்தகையாக எனக்கு ஏக்கருக்கு வருடம் மூவாயிரம் ரூபாய் வந்தால் அதிகம். சூரிய மின்சாரத்துக்கு நிலம் கேட்டு வருபவர்கள் அதைப்போலப் பத்துப் பங்கு தருகிறோம் என்கிறார்கள். வீட்டுமனைக்காரர்கள் சொல்லும் விலை அதற்கும் மேலே. அண்ணன் தம்பி நாலு பேர் பாகம் பிரித்தால் பத்து ஏக்கர் காடு ஆளுக்கு இரண்டரை ஏக்கராகச் சுருங்குகிறது. அவ்வளவில் மாற்றி மாற்றி மேய்க்க முடியாது. இரவில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், அதற்கு நஷ்டஈடு கேட்டு எங்கள் பக்கத்து விவசாயிகள் தெருவில் இறங்கியதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். திருப்பூரில் வேலையிலிருக்கும் என் மகன், “வித்துப்போட்டு இங்கயே வந்துருங்கம்மா” என்கிறான். அவன் சொல்வதில் கணக்குத் தப்பில்லை. அந்தக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும். ஆனால் தகடு பதிக்க வேண்டுமென்றால் நிழல் விழும் வெள்வேல மரம் அத்தனையையும் வெட்ட வேண்டும், வேலியைப் பெயர்க்க வேண்டும். திருப்பூரைச் சுற்றியுள்ள பின்னலாடை ஆலைகள், நூற்பாலைகள், அரிசி ஆலைகளின் கூரைகள் முழுவதும் நிரம்பிய பிறகும் இடம் போதவில்லை என்றால் கொறங்காட்டைப் பற்றிப் பேசலாம்.

கிளுவையை எடுத்துவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பிவேலி போடுபவர்களும் பெருகிவிட்டார்கள். கம்பி காற்றைத் தடுக்காது. ஆடிக் காற்றில் மேல்மண் பறப்பதை இப்போது கண்ணால் பார்க்கிறோம். ஆட்டுக்குத் தழையும் அதில் கிடைக்காது. வேலியில் வளையமைத்துக் குட்டி போட்ட நரி எங்கள் ஊரில் இன்று இல்லை. மயில் இந்த அளவு பெருகிப் பயிரை அழிப்பதற்கு நரி போனதும் ஒரு காரணம் என்பது இங்கே பலருடைய கணிப்பு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பாழ்நிலப் பட்டியல்

எங்கள் அடங்கலில் இந்த நிலத்துக்கு எதிரே ‘தரிசு’ என்றுதான் எழுதிவருகிறார்கள். பயிர் இல்லையென்றால் தரிசு என்பது கணக்கு. அதனால் வறட்சி வந்து கடலையும் சோளமும் கருகினால் நிவாரணம் உண்டு. புல் கருகி, ஆட்டுக்குச் சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போட்டவருக்கு எதுவும் இல்லை. மேலே போனாலும் இதே பார்வைதான். மத்திய அரசின் நிலவளத் துறை வெளியிடும் பாழ்நில வரைபடத் தொகுப்பு, புதர்நிலங்களையும் பாழ்நில வகைகளில்தான் வைத்திருக்கிறது. ஒரு நிலத்தைப் பாழ் என்று எழுதிவைத்துவிட்டால், அதில் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், மரம் வளர்க்க அரசு செலவு செய்யத் தயாராக இருக்கிறது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்கிறது. வேளாண் துறையின் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம் விவசாயிகளுக்கு மரக்கன்றுகளை இலவசமாகத் தந்து, பிழைத்து நிற்கும் கன்றுகளுக்குப் பராமரிப்புத் தொகையும் தருகிறது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் இன்று நடும் தேக்குக் கன்றுக்குக் கிடைக்கும் தொகை, ஐம்பது வருடமாக நிற்கும் வெள்வேல மரத்துக்குக் கிடையாது. அதை வெட்டாமல் வைத்திருப்பவர் செய்வது மரம் வளர்ப்பு இல்லையா?

ஆர்வமுள்ள இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து, காலியாகக் கிடக்கும் இடத்தில் அடர்வனம் நட்டுத் தருகிறோம் என்று கேட்டார்கள். அவர்கள் மனசு நல்ல மனசு. ஆனால் அவர்கள் காலி என்று நினைத்த இடத்தில் புல் இருக்கிறது. நெருக்கி மரம் நட்டால் நிழலில் அந்தப் புல் செத்துவிடும். அதோடு மாடும் ஆடும் மேய்ப்பவரும் வெளியேற வேண்டியதுதான். மரம் விட்டு விட்டு நிற்பதுதான் இந்தக் காட்டின் நிறைவான நிலை. வறண்ட நாட்டில் இதுவும் முழுமையான காடுதான் என்பதைப் பசுமை பேசும் நண்பர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, வருவாய்க் கணக்கில் கொறங்காட்டுக்குத் தனி வகை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் கால்நடைத் துறையும் சேர்ந்து ஊர் ஊராகக் கணக்கெடுத்து, எந்தப் புல எண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று அடங்கலில் ஏற்ற வேண்டும். வறட்சி நிவாரணத்தில் மேய்ச்சல் நிலத்தையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, காட்டைக் காட்டாக வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு ஒரு தொகை. அதைச் சும்மா தர வேண்டாம், நிபந்தனையோடு தரட்டும். உயிர்வேலி ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். சீமைக்கருவேலம் இருக்கக் கூடாது. வெள்வேல மரத்தில் பெரியதும் இளையதும் கலந்து நிற்க வேண்டும். விதை விழும் காலத்தில் ஒரு பகுதியாவது அடைபட்டிருக்க வேண்டும். நேரில் வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். அந்தத் தொகை சூரிய மின்சாரக் குத்தகைக்கு ஈடாகாது. ஈடாக வேண்டியதும் இல்லை. விற்காமல் வைத்திருக்கலாம் என்று நினைப்பவரின் கையை அது பலப்படுத்தினால் போதும். ஊரக வேலைத் திட்டத்தில் கிளுவை வேலி புதுப்பிக்கும் வேலையைச் சேர்த்தால் நிலமில்லாதவர்களுக்கும் கூலி கிடைக்கும். அரசு நாற்றங்கால்களில் தேக்கு, மகோகனியோடு வெள்வேலக் கன்றும், விதைப் பண்ணைகளில் கொழுக்கட்டைப் புல் விதையும் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, கொறங்காட்டை மனைப்பிரிவாகவோ மின் நிலையமாகவோ மாற்ற அனுமதி கேட்டு வரும்போது, அதில் யார் மேய்க்கிறார்கள், எத்தனை மரம் நிற்கிறது, பக்கத்துக் காடுகளின் வேலியும் இட்டேரியும் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் வரும். அது நியாயமான பயம். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த காட்டை முன் அனுமதியில்லாமல் விற்கவோ அதில் மரம் வெட்டவோ முடியாது. நம் நிலத்தைக் காடு என்று எழுதினால் நாளைக்கு நம் மரத்தில் நாமே கைவைக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்து, எழுதுவதற்கு முன்பே வெட்டிவிடுபவர்கள் இருப்பார்கள். ஆகவே புதிய வகை எந்த உரிமையையும் பறிக்காது, பட்டுப்போன மரத்தையும் முதிர்ந்த மரத்தையும் எடுப்பது உரிமையாளர் முடிவு என்று அரசாணையிலேயே தெளிவாக எழுத வேண்டும். அடக்கி ஆண்டு இந்தக் காட்டைக் காக்க முடியாது. இவ்வளவு காலம் அது நின்றதே உரிமையாளர்கள் விரும்பி வைத்திருந்ததால்தான்.

ஐக்கிய நாடுகள் அவை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. உலக உணவு, வேளாண் அமைப்பு பாரம்பரிய வேளாண் முறைகளுக்குத் தரும் அங்கீகாரத்தை ஒடிசாவின் கோராபுட்டும், கேரளத்தின் குட்டநாடும், காஷ்மீரின் குங்குமப்பூ வயல்களும் பெற்றிருக்கின்றன. கொறங்காடு அந்த வரிசையில் நிற்கத் தகுதியுள்ளது. அந்தக் கோரிக்கையைத் தமிழ்நாடு அரசு முன்னின்று கொண்டுபோக வேண்டும்.

நம் கையில் இருப்பது

அரசாணை வரும்வரை கைகட்டிக்கொண்டிருக்க முடியாது. என்னைப் போன்ற காட்டுக்காரர்களிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாகம் பிரித்தாலும் மேய்ச்சலைப் பிரிக்காதீர்கள். பங்காளிகள் நாலு பேரின் காடும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றை அடைத்து மற்றதில் மேய்க்க முடியும். குத்தகைப் பேச்சில் எத்தனை உருப்படி, எந்த மாதம் எந்தக் காடு அடைப்பு என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு குத்தகைக்காரரையே வேலி பார்க்கச் சொல்லுங்கள். காடு நன்றாக இருப்பதில் அவருக்கும் பங்கு வரும். கம்பிவேலி போட்டே ஆக வேண்டுமென்றால், கிளுவையை எடுக்காமல் அதை ஒட்டிப் போடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். பல வீடுகளில் கடைசியில் காட்டோடு நிற்கப்போவது அவர்கள்தான்.

கிராம சபையில் இதைப் பேசலாம். எங்கள் ஊர்ச் சபையில் ஒரு தீர்மானம் வைக்க நானும் சில காட்டுக்காரர்களும் மேய்ப்பவர்களும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஊரிலுள்ள கொறங்காடுகளைப் புல எண் வாரியாகக் கணக்கெடுத்து, அடங்கலில் மேய்ச்சல் காடு என்று பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் அதிலுள்ள ஒரே கோரிக்கை. காங்கயம் வட்டாரத்திலும், பக்கத்து வட்டாரங்களிலும் கொறங்காடு இருக்கும் ஒவ்வோர் ஊராட்சியும் இப்படி ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அதை ஒதுக்கிவைக்க முடியாது. உங்கள் ஊரிலும் அடுத்த கிராம சபையில் இதை எழுப்புங்கள்.